ஆஸ்ட்ரோடோம்: சொந்த அணிக்கே வளைந்து கொடுக்காத மைதானம்

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1965 ஏப்ரலில் திறக்கப்பட்ட ஆஸ்ட்ரோடோம், கூரை மூடி முழுவதும் குளிரூட்டப்பட்ட முதல் பெரிய பேஸ்பால் அரங்கம். 1999 வரை 35 பருவங்கள் ஹூஸ்டனின் ஆஸ்ட்ரோஸ் அணி அங்கேதான் ஆடியது. சொந்த ஊரில் ஆடுவது எந்த அணிக்கும் பலம் என்பார்கள். இந்த அணியின் மட்டையாளர்களுக்கோ சொந்த மைதானமே பெரும் சோதனையாக இருந்தது. அங்கே நடந்த முதல் அதிகாரபூர்வ ஆட்டத்திலேயே ஆஸ்ட்ரோஸால் ஒரு ரன்கூட எடுக்க முடியவில்லை. பிலடெல்ஃபியா 2-0 என்று வென்றது. அந்த ஆட்டத்தின் ஹோம் ரன்னை, அதாவது வேலியைத் தாண்டும் அடியை, அடித்தவரும் பிலடெல்ஃபியாவின் டிக் ஆலன்தான்.

கூரை போடக் காரணம் ஊரின் வானிலை. 1962இல் தொடங்கப்பட்ட அணி முதல் மூன்று பருவங்களைத் திறந்தவெளியில், வெயிலிலும் புழுக்கத்திலும் கொசுக்கடியிலும் ஆடித் தீர்த்தது. நகரின் முன்னாள் மேயர் ராய் ஹோஃபைன்ஸ் முன்னின்று இந்த அரங்கத்தைக் கட்டவைத்தார். உள்ளே புல் வளர வேண்டும் என்பதற்காகக் கூரையில் 4,596 ஒளிபுகும் பலகைகளைப் பதித்தார்கள். பகல் ஆட்டத்தில் அந்த வெளிச்சம் கண்ணைக் கூசவைத்தது. உயரே எழும்பிய பந்து களத்தடுப்பாளர்களின் பார்வைக்குத் தப்பியது. பலகைகளுக்குச் சாயம் பூசியதும் கூச்சம் நின்றது, கூடவே புல்லும் செத்தது. பட்டுப்போன புல்லுக்குப் பச்சை வண்ணம் அடித்து அந்தப் பருவத்தை ஒப்பேற்றினார்கள். 1966இல் மான்சான்டோ நிறுவனத்தின் செயற்கைப் புல் வந்தது. ஆஸ்ட்ரோடர்ஃப் என்ற பெயர் அதற்கு இந்த அரங்கத்தால்தான் கிடைத்தது.

பேஸ்பாலில் ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸுக்கு 90 அடி; இது எங்கும் மாறாது. வேலியின் தூரமோ மைதானத்துக்கு மைதானம் மாறும். ஒரே மட்டையாளர் ஓர் ஊரில் பெரிய வீரராகவும் இன்னோர் ஊரில் சாதாரணமாகவும் தெரிவதற்கு முதல் காரணம் இதுதான். ஆஸ்ட்ரோடோம் திறக்கப்பட்டபோது ஓரங்களில் வேலி 340 அடியிலும் நடுவில் 406 அடியிலும் இருந்தது. அமெரிக்கக் கால்பந்துக்கும் சேர்த்து வட்டமாகக் கட்டியதால், ஓரக் கோடுகளுக்கு வெளியே உள்ள ஃபவுல் பகுதியும் விரிந்து கிடந்தது. வேறு ஊரில் பார்வையாளர் இருக்கைக்குள் விழுந்து மட்டையாளருக்கு மறுவாய்ப்புத் தரும் பந்து, இங்கே கேட்ச்சாகி அவரை வெளியேற்றியது.

அடுத்தது காற்று. ஈரக்காற்று கனமானது, அது பந்தைத் தடுக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் ஒரே வெப்பநிலையில் ஈரக்காற்று உலர்காற்றைவிடச் சற்று லேசானது. பந்தைத் தடுப்பது குளிர்ந்த, அடர்ந்த காற்று. வெளியே ஹூஸ்டனின் கோடை கொதிக்க, கூரைக்குள் குளிரூட்டிய காற்று அசையாமல் நின்றது. பந்தைத் தள்ளிவிடப் பின்காற்றும் கிடையாது. கூரையில் தொங்கிய பொருள்கள்கூடக் குறுக்கே வந்தன. 1974 ஜூனில் பிலடெல்ஃபியாவின் மைக் ஷ்மிட் அடித்த பந்து, 117 அடி உயரத்தில் தொங்கிய ஒலிபெருக்கியில் மோதி நேரே கீழே விழுந்தது. நிச்சயமான ஹோம் ரன் வெறும் ஒரு பேஸ் அடியாகச் சுருங்கிப்போனது.

வந்து போகும் அணிக்கு இந்தத் தொல்லை வருடத்தில் சில ஆட்டங்களுக்குத்தான். ஆஸ்ட்ரோஸ் மட்டையாளர்கள் வருடத்தின் 162 ஆட்டங்களில் 81ஐ இங்கேதான் ஆட வேண்டியிருந்தது. அதனால் அவர்களுடைய கணக்கு மட்டும் ஆண்டுதோறும் குறைந்தே தெரிந்தது. 1967இல் ஆஸ்ட்ரோஸின் ஜிம்மி வின் 37 ஹோம் ரன் அடித்தார். அந்த ஆண்டு 39 அடித்து நேஷனல் லீகில் முதலிடம் பெற்ற ஹாங்க் ஆரனின் சொந்த ஊர் மைதானம், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,000 அடி உயரத்தில், பந்து நன்றாகப் பறக்கும் அட்லான்டாவில் இருந்தது. இரண்டு மைதானங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வின்னின் 37 எந்த வகையிலும் சிறிய எண் அல்ல.

குறைவாக அடித்த அணி குறைவாக வென்றது என்று இதற்குப் பொருளில்லை. மைதானம் எதிரணியின் அடியையும் அதே அளவுக்குத் தின்றது. 1968 ஏப்ரல் 15 அன்று ஹூஸ்டனும் நியூயார்க் மெட்ஸும் 24 இன்னிங்ஸ், ஆறு மணி நேரத்துக்கும் மேல் ஆடின. ஒரே ஒரு ரன்னில் ஹூஸ்டன் வென்றது. காலப்போக்கில் அணி தன் மைதானத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டது. வேகமாக எறியும் பிட்சர்களையும் வேகமாக ஓடும் வீரர்களையும் நம்பியது. 1979இல் பருவம் முழுவதும் அணி அடித்த ஹோம் ரன் 49தான். மூன்று பேஸ் அடிகள்கூட அதைவிட அதிகம். பிட்சர் ஜே. ஆர். ரிச்சர்ட் அந்த ஆண்டு 313 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார். அணி 89 ஆட்டங்களில் வென்றது.

2000இல் அணி நகரின் மையத்தில் கட்டிய புதிய மைதானத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே இடப்பக்க ஓர வேலி 315 அடியில்தான் இருந்தது. முதல் ஆண்டிலேயே ஆஸ்ட்ரோஸ் 249 ஹோம் ரன் அடித்து நேஷனல் லீக் சாதனையை முறியடித்தது. முந்தைய ஆண்டு 21 வெற்றி கண்ட பிட்சர் ஹோசே லீமா 48 ஹோம் ரன் கொடுத்தார். ஆஸ்ட்ரோடோமின் கடைசிப் பருவத்தில் 97 ஆட்டங்களில் வென்ற அணி, புதிய மைதானத்தின் முதல் ஆண்டில் வென்றது 72தான்.