குளோரின் கையும் களவுமாகப் பிடிபட்ட நாள்

செப்டம்பர் 16-ஐப் பள்ளிகளில் ஓசோன் தினமாகக் கொண்டாடுகிறோம். 1987-ல் அன்றுதான் மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே நாளில் பூமியின் தென்கோடி வானில் நடந்த இன்னொன்றையும் என் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு விடாமல் சொல்வேன். வேதியியல் நடத்துகிற எனக்கு அதுதான் பெரிது.

1985-ல் ஜோ ஃபார்மனும் சகாக்களும், அண்டார்டிகாவின் ஹாலி நிலையத்துக்கு மேலே வசந்தகாலத்து ஓசோன் வெகுவாகச் சரிந்துவிட்டதை அறிவித்தார்கள். குற்றவாளி யார்? ஃபிரிட்ஜிலும் ஸ்பிரே டப்பாவிலும் அடைத்த குளோரோஃபுளோரோ கார்பன் என்றார்கள் சிலர். காற்றோட்டம் மாறியதுதான் காரணம் என்றார்கள் வேறு சிலர். சூரியனைக் கைகாட்டியவர்களும் உண்டு. 1986-ல் மெக்மர்டோ நிலையத்துக்குப் போன குழு தரையிலிருந்தே, குளோரின் ஓசோனைத் தாக்கும்போது உண்டாகும் குளோரின் மோனாக்சைடின் தடயத்தைக் கண்டது. ஆனாலும் அந்தக் காற்றுக்குள்ளேயே நுழைந்து அளக்காமல் வழக்கு தீராது.

அளக்கும் வழி ஹார்வர்டின் ஜேம்ஸ் ஆண்டர்சனிடம் இருந்தது. 1976-லேயே டெக்சாஸில் கருவியைப் பலூனில் ஏற்றி, பாராசூட்டில் இறங்கவிட்டு அளந்தவர் அவர். கருவிக்குள் ஓடும் காற்றில் நைட்ரிக் ஆக்சைடைக் கலப்பார். அது குளோரின் மோனாக்சைடிடமிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ள, குளோரின் அணு தனியாக நிற்கும். அதன்மேல் 118.9 நானோமீட்டர் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால், வாங்கிய ஒளியை அப்படியே உமிழும். உமிழ்ந்த ஒளியை எண்ணினால் அளவு தெரிந்துவிடும். புரோமினுக்கும் இதே முறைதான், விளக்கு மட்டும் வேறு. அங்கே தேடுவது லட்சம் கோடியில் சில பங்கை! கரும்பலகையில் அந்த நைட்ரிக் ஆக்சைடு வினையின் ஒற்றை வரிச் சமன்பாட்டை எழுதும்போதெல்லாம் எனக்குச் சிலிர்த்துவிடும்.

1987-ல் கருவியை நாசாவின் ஈஆர்-2 விமானத்தில் பொருத்தி, சிலியின் பன்டா அரீனாஸிலிருந்து கிளப்பினார்கள். ஒரே இன்ஜின், அழுத்த உடைக்குள் ஒரே ஒரு விமானி. உயரம் சுமார் 18 கிலோமீட்டர், வெளியே மைனஸ் 80 டிகிரிக்கும் கீழே. இன்ஜின் நின்றால் இறங்க உறைபனியையும் கடலையும் தவிர எதுவும் இல்லை. அந்த விமானிகளின் துணிச்சலை நாம் போதிய அளவு பேசவில்லை என்பது என் வருத்தம்.

ஆகஸ்ட் கடைசியில் பறந்தபோது குளோரின் மோனாக்சைடு ஏறியிருந்தது. ஓசோன் இன்னும் அவ்வளவாகக் குறையவில்லை. செப்டம்பர் 16 அன்று அண்டார்டிகாவைச் சுற்றி வீசும் காற்றான துருவச் சுழலுக்குள் விமானம் நுழைந்ததும் குளோரின் மோனாக்சைடு நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவுக்கு எகிறியது. வெளியே இருந்ததைப்போல நூறு மடங்குக்கும் மேல். ஓசோன் பாதிக்கு மேல் விழுந்தது. இரண்டையும் வரைபடத்தில் கோடுகளாக வரைந்தால், ஒரு கோட்டில் சின்ன மேடு வந்த இடத்திலெல்லாம் மற்றக் கோட்டில் பள்ளம். காற்றோட்டத்தை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியவில்லை.

மான்ட்ரியலில் அன்று கையெழுத்துப் போட்டவர்கள் இந்த வரைபடத்தைப் பார்த்திருக்கவில்லை. அவர்கள் ஒப்புக்கொண்டது குளோரோஃபுளோரோ கார்பனைப் பாதியாகக் குறைக்க மட்டுமே. முழுவதும் நிறுத்துவதென்று 1990-ல் லண்டனில்தான் முடிவானது. அந்தத் துணிவை அவர்களுக்குக் கொடுத்ததில் ஆண்டர்சனின் இரண்டு கோடுகளுக்குப் பெரிய பங்கு உண்டு என்பேன். 1992-ல் இந்தியாவும் மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் சேர்ந்தது.