உப்பின் அளவு

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் போகிறவர்களுக்கு, மரக்காணம் என்றதும் கண்ணில் வருவது வெள்ளை வெளேரென்ற உப்புக் குவியல். காரை நிறுத்தி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். ரொம்பப் பழைய ஊர் இது. சிறுபாணாற்றுப்படை பேசும் ஓய்மா நாட்டு நல்லியக்கோடனின் எயிற்பட்டினம் இதுதான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

போட்டோவில் விழாத ஒன்று உண்டு. பாத்தியில் இறங்கி உப்பு வாருகிறவர்களின் கால்! வெயில் காலம் முழுக்க உப்பு நீரில் நின்று, பாதம் வறண்டு வெடித்துக் கிடக்கும். அந்த வெடிப்புக்குள் மறுபடியும் உப்புத் தண்ணீர். கேட்டால், "பழகிப்போச்சு" என்பார்கள்.

இதே சாலையின் வடக்குக் கோடியில், சென்னையில், தலையில் முடி நட்டுக்கொண்டு வீடு திரும்பிய இளைஞரைப் பாருங்கள். கையில் சின்ன ஸ்ப்ரே பாட்டில். நட்ட இடத்தின் மேல் அடிக்கொரு தரம் தெளித்துக்கொள்கிறார். பாட்டிலில் இருப்பது என்ன? அதுவும் உப்புத் தண்ணீர்தான்! அங்கே புண்ணை ஆறவிடாத உப்பு, இங்கே புண் ஆறுவதற்குத் துணை நிற்கிறது. எப்படி?

கதை 1792-ல், திப்பு சுல்தானுக்கும் ஆங்கிலேயர்களுக்கும் நடந்த போரில் தொடங்குகிறது. ஆங்கிலப் படைக்கு மாட்டு வண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்ற மராட்டியர் திப்புவின் வீரர்களிடம் சிக்கினார். மூக்கையும் ஒரு கையையும் அறுத்துவிட்டார்கள். அவருக்குப் புது மூக்கு வைத்தவர் புனே அருகே செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒரு வைத்தியர். நெற்றித் தோலைக் கீறி, முழுசாக அறுத்துவிடாமல், அப்படியே திருப்பிக் கொண்டுவந்து மூக்கின் இடத்தில் பொருத்தினார். மயக்க மருந்து? மூச்! ஈதர் மயக்கம் பாஸ்டன் நகரில் உலகறிய நிரூபிக்கப்பட்டதே 1846-ல்தான்.

1794-ல் லண்டனின் 'ஜென்டில்மேன்ஸ் மேகஸின்' இதைப் படத்தோடு வெளியிட்டது. அதில் அறுவைக்குப் பின்னால் செய்ததைத்தான் நாம் கவனிக்க வேண்டும். வைத்த தோல் நகராமல் இருக்கக் காசுக்கட்டிப் பசை. நாலாம் நாள் பசையை எடுத்துவிட்டு நெய்யில் தோய்த்த துணி. ஐந்தாறு நாள் மல்லாந்து படுத்தே கிடக்க வேண்டும். இருபத்தைந்து நாள் ஆனபிறகுதான் நெற்றியோடு ஒட்டியிருந்த தோலை வெட்டிவிட்டார்கள். ஈரப்பதம், அசையாமை, பொறுமை... ஒட்டவைத்த தோல் பிழைக்க இந்த மூன்றும் வேண்டும் என்று அந்தப் பெயர் தெரியாத வைத்தியருக்குத் தெரிந்திருந்தது!

தோலை நடலாம் என்றால் முடியை நட முடியாதா? 1939-ல் ஜப்பானிய மருத்துவர் ஒகுடா, முடியோடு கூடிய சின்னத் தோல் துண்டுகளை எடுத்து வேறு இடத்தில் வைத்து வளர்த்துக் காட்டினார். போர்ச் சத்தத்தில் அது மேல்நாட்டுக் காதில் விழவில்லை. 1952-ல் நியூயார்க்கில் நார்மன் ஓரன்ட்ரைக், பின்னந்தலை முடியை முன்னந்தலை வழுக்கையில் நட்டார். இடம் மாறினாலும் முடி தன் பழைய குணத்தை விடவில்லை. வளர்ந்தது! இன்று ஒன்றிரண்டு முடியாகப் பிடுங்கி, நாற்று நடுவதுபோல நடுகிறார்கள்.

இனி உப்புக்கு வருவோம். 1832-ல் காலரா வந்தபோது ஸ்காட்லாந்து மருத்துவர் தாமஸ் லாட்டா, நீர் வற்றிச் செத்துக்கொண்டிருந்த நோயாளிகளின் ரத்தக்குழாயில் உப்புத் தண்ணீரை ஏற்றினார். சிலர் எழுந்து உட்கார்ந்தார்கள். ஆனால் எவ்வளவு உப்பு சரி? அந்த நூற்றாண்டின் கடைசியில் டச்சு விஞ்ஞானி ஹாம்பர்கர் ரத்தச் சிவப்பணுக்களை வைத்துப் பார்த்தார். வெறும் தண்ணீரில் அணு ஊதி உடைகிறது. உப்பு கூடினால் சுருங்கிப்போகிறது. இரண்டும் இல்லாத அளவு, லிட்டருக்கு 9 கிராம். ஆஸ்பத்திரி சலைன் பாட்டிலில் 0.9 சதவீதம் என்று போட்டிருப்பது இதைத்தான். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம். உப்பு பூக்கும் பாத்தி நீரில் 250 கிராமுக்கும் மேல்! உடம்பு கேட்கும் அளவைப்போல இருபத்தைந்து மடங்குக்கும் அதிகமான உப்பில்தான் மரக்காணத்துக் கால்கள் நிற்கின்றன.

முடி நட்டவருக்கு என்ன வலி? மரத்துப்போகப் போடும் ஊசிதான் அன்றைக்குச் சுருக்கென்று குத்தும். பிறகு இரண்டு மூன்று நாள், முடி எடுத்த பின்னந்தலையில் இறுக்கமும் வலியும் இருக்கும். டாக்டர் சொன்ன வலி மாத்திரை பெரும்பாலும் போதும். கடையில் கேட்டு ஆஸ்பிரின் வாங்கி விழுங்கக்கூடாது, ரத்தக் கசிவு கூடும். மூன்றாம் நாள் வாக்கில் நெற்றி வீங்கி, கண் இமைவரை இறங்கலாம். பயப்பட வேண்டாம், தலையை உயர்த்திப் படுத்தால் வடியும். பொருக்கைப் பிய்க்காதீர்கள். பத்து நாளில் தானே உதிரும். சில வாரத்தில் நட்ட முடியும் கொட்டும்! வேர் உள்ளேதான் இருக்கிறது. மூன்று நாலு மாதத்தில் முளைக்கத் தொடங்கும். வலி குறையாமல் கூடினாலோ, சீழோ காய்ச்சலோ வந்தாலோ உடனே டாக்டரிடம் ஓடுங்கள். சமையலறை உப்பைக் கரைத்து நீங்களே சலைன் செய்யாதீர்கள். காயம் ஆறும்வரை கடல் குளியலும் வேண்டாம்.

விளையாட்டில்லை இது. 2016-ல் சென்னையில் முடி நடப்போன மருத்துவ மாணவர் ஒருவர் உயிரையே இழந்தார். யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டால் போதாது, முறையான பயிற்சி பெற்ற மருத்துவரே செய்ய வேண்டும் என்று 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டு நூற்றாண்டு மருத்துவம் கண்டது இவ்வளவுதான்... புண் ஆற அளவான உப்பு வேண்டும், கொஞ்சம் ஓய்வும் வேண்டும். கவாஸ்ஜிக்கு ஐந்தாறு நாள் படுக்கை கிடைத்தது. முடி நட்டவர் ஒரு வாரம் லீவு போடுகிறார், போடத்தான் வேண்டும். மரக்காணத்தில் கால் வெடித்தவர் ஒரு நாள் வீட்டில் இருந்தால் அன்றைய கூலி போச்சு. மறுநாள் விடிவதற்குள் அதே பாத்தியில் இறங்குகிறார். வலி பழகிப்போகலாம். புண் பழகிக்கொள்ளாது. அது ஆற நாள் கேட்கும்.

அடுத்தமுறை அங்கே காரை நிறுத்தினால், உப்புக் குவியலோடு அந்தக் கால்களையும் பாருங்கள்.