மழையில் நிற்கும் மரம்

இலங்கைப் புகையிரத நிலையங்களுள் மிக உயரத்தில் அமைந்தது பட்டிப்பொல நிலையமாகும். அதனைக் கடந்து ஒஹியவை நோக்கிச் செல்லும் வண்டி, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,898 மீட்டர் உயரமான சிகரத்தை எட்டி, அதற்கப்பால் ஒரு சுரங்கத்தினுள் புகுகின்றது. சுரங்கத்தின் ஒருபுறம் மழை பொழிய, மறுபுறம் வெயில் எறிக்கக் கண்டு வியந்த பயணிகள் பலராவர். ஆண்டின் பெரும்பகுதியில் மழையும் மூடுபனியும் இங்கே மாறி மாறி வரும். தை, மாசி மாதத்து விடியற்காலைகளில் புல்நுனி உறைபனியால் வெளுத்திருப்பதும் உண்டு.

இவ்வழியே செல்வோர் மலையைப் பார்ப்பர், முகிலைப் பார்ப்பர். தண்டவாளத்தின் கீழே கிடக்கும் கட்டையைப் பார்ப்போர் மிகச் சிலரே. கூரையுமின்றிச் சுவருமின்றி, ஈர மண்ணிலும் கல்லிலும் கிடந்து, நாள்தோறும் பெரும்பாரத்தைத் தாங்கும் மரம் எவ்வாறு நிலைத்து நிற்கின்றது? வீட்டைச் சுற்றி மரவேலி அமைப்பவருக்கும், விறாந்தைக்கு வெளியே பலகைத் தளம் போடுபவருக்கும் இதே கேள்வி எழுதல் இயல்பு. பூசும் மையிலும் வர்ணத்திலும் விடை இருப்பதாகப் பலர் நினைப்பர். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட புகையிரத வரலாறோ, பூச்சுக்கு முன்னர் செய்யப்படும் ஆயத்தத்திலேயே மரத்தின் ஆயுள் அடங்கியிருப்பதாகக் காட்டுகின்றது.

கொழும்பிலிருந்து புறப்பட்ட பாதை 1867ஆம் ஆண்டு கண்டியை அடைந்தது. 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1884இல் ஹற்றனுக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் அது நீண்டது. பின்னர் பட்டிப்பொலச் சிகரத்தைத் தாண்டி 1893இல் ஹப்புத்தளையையும், அடுத்த ஆண்டில் பண்டாரவளையையும் எட்டியது. பதுளைக்குச் சென்று முடிந்த ஆண்டு 1924 ஆகும். முதலில் கோப்பிக்காகத் தொடங்கிய பாதை, கோப்பி நோயுற்று அழிந்தபின் தேயிலைக்காக மலையேறியது. அப்பாதைக்காகப் பாறை உடைத்தோரிலும் மண் சுமந்தோரிலும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினர்.

இம்மலைப் பாதையிலே 44 அடி தூரத்துக்கு ஓர் அடி என்னும் அளவில் ஏற்றம் உண்டு. வளைவுகளோ மிகக் குறுகியவை. தண்டவாளங்கள் இரண்டையும் ஐந்தரை அடி இடைவெளியில் பிரியாமல் பிடித்து வைத்திருப்பது, தோட்டத்து மக்கள் சிலிப்பர் கட்டை என்று வழங்கும் குறுக்குக் கட்டையே. ஒரு மைல் தூரத்துக்கு இத்தகைய கட்டைகள் இரண்டாயிரத்துக்கு மேல் வேண்டும். கட்டை உளுத்தால் ஆணி தளரும். ஆணி தளர்ந்தால் தண்டவாளம் விலகும். தண்டவாளம் விலகினால் வண்டி தடம் புரளும். ஆதலால் மரத்தைக் காத்தல் அங்கே அழகுக்கான வேலையாக இருக்கவில்லை. உயிரைக் காக்கும் வேலையாகவே இருந்தது.

மரத்தை அழிப்பது மழையென்று கூறுதல் வழக்கம். உண்மையில் மழை வாயிலைத் திறந்துவிடுகின்றது. உள்ளே புகுந்து உண்பது பூஞ்சணம். மரத்திலுள்ள ஈரம், அதன் உலர்ந்த நிறையில் நூற்றுக்கு இருபது பங்குக்குக் குறைவாக இருக்கும்வரை பூஞ்சணம் அதனை உளுக்கச் செய்ய இயலாது. ஈரம் அதற்கு மேலேறி, காற்றும் மிதமான வெப்பமும் உடன் சேர்ந்தால் அழிவு தொடங்கும். வேலிக்கால் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் இது விளங்கும். மண்ணுக்குள் ஆழத்தில் இருந்த பகுதி ஓரளவு நன்றாக இருக்கும். மேலே காற்றில் நின்ற பகுதியும் நன்றாக இருக்கும். மண்மட்டத்தை ஒட்டிய பகுதியே இற்றுப் போயிருக்கும். ஈரமும் காற்றும் ஒருங்கே கிடைக்கும் இடம் அதுவே.

ஈரம் மரத்தினுள் புகும் பெருவழி, பலகையின் முகம் அன்று, அதன் வெட்டுமுனை. மரம் உயிரோடு நின்ற காலத்தில் வேரிலிருந்து நீரை மேலேற்றிய நுண்குழாய்களின் வாய்கள் அம்முனையிலேதான் திறந்து கிடக்கின்றன. முகத்தை அழகாகப் பூசி, முனையை அப்படியே விட்டவர், முன்கதவைப் பூட்டிப் பின்கதவைத் திறந்து வைத்தவரை ஒப்பர்.

இந்த அழிவை வெல்ல மனிதர் கண்ட முதல்வழி, வலிய மரத்தைத் தேர்தலாகும். பாலை, மருது முதலிய இலங்கை மரங்கள் சிலிப்பர் கட்டைகளாக அறுக்கப்பட்டன. பாலையின் வைரம் மிகக் கனமானது. நீரையும் செல்லையும் நெடுங்காலம் தாங்கவல்லது. ஆயினும் வைரமேறிய மரம் வளர்வதற்குத் தலைமுறைகள் செல்லும். அதனை வெட்டுதற்கு ஒரு பகல் போதும். கோப்பிக்காக மலைக்காடுகள் விரைந்து அழிந்துகொண்டிருந்த 1873ஆம் ஆண்டில், தாவரவியலறிஞர் யோசேப்பு ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளைத் தொடாது விடுமாறு அறிவுரை கூறினார். பட்டிப்பொலவை அடுத்துள்ள ஹோட்டன் சமவெளிக் காடு இன்றளவும் நிலைத்திருத்தற்கு அவ்வறிவுரையும் ஒரு காரணமாகும். வலிய மரத்தை மட்டுமே நம்பினால் காடு மிஞ்சாது; எளிதில் வளரும் மரத்தை வலியதாக்கும் வழியொன்று வேண்டியிருந்தது.

அவ்வழியை ஐரோப்பியர் நீராவி யுகத்தின் தொடக்கத்தில் தேடினர். 1832இல் கயன் என்பவர் இரசக் கலவையொன்றில் மரத்தை ஊறவைக்கும் முறைக்கு உரிமை பெற்றார். அது கொடிய நஞ்சாகவும் இரும்பை அரிப்பதாகவும் இருந்தது. 1838இல் யோன் பெத்தல் என்னும் ஆங்கிலேயர் உரிமை பெற்ற முறையே நிலைபெற்றது. நிலக்கரித் தாரிலிருந்து வடித்த கிரியோசோட்டு என்னும் கரிய எண்ணெயை மரத்தினுள் அழுத்திச் செலுத்துவது அம்முறை. இந்தியாவில் முதன்முதல் பாதை அமைத்த புகையிரதக் கம்பனிகள், இவ்வெண்ணெய் ஏற்றிய ஊசியிலை மரக் கட்டைகளை ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வரவழைத்ததும் உண்டு.

இம்முறையின் படிகளை வரிசையாக நோக்குதல் பயன் தரும். முதலில் கட்டைகளை அளவாக அறுத்து, தண்டவாளம் அமரும் இடத்தைச் செதுக்கி, ஆணிக்கான துளைகளையும் இட்டனர். அடுத்து, காற்று ஊடாடும்படி இடைவெளிவிட்டு அடுக்கி மாதக்கணக்கில் உலரவிட்டனர். அதன் பின்னரே அவற்றை இரும்புருளை ஒன்றினுள் அடைத்து, மரத்திலுள்ள காற்றைப் பம்பினால் உறிஞ்சி, சூடேற்றிய எண்ணெயை மிகுந்த அழுத்தத்தோடு செலுத்தினர். ஈர மரத்திலே நீர் குடியிருக்கும் அறையில் எண்ணெய்க்கு இடமில்லை. எண்ணெய் ஏற்றிய பின்னர் துளையிட்டால், மருந்து எட்டாத உள்மரம் வெளியே திறந்துவிடும். எனவே வெட்டு முதலாவது, உலர்த்தல் இரண்டாவது, மருந்து மூன்றாவது என்பது விதியாயிற்று. சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்னும் நம்மவர் பழமொழிக்கு இதனினும் சிறந்த விளக்கம் கிடைப்பதரிது.

இவ்வறிவு தமிழருக்குப் புதியதன்று. கரையோரத்து மீனவர் வள்ளத்தைக் கரையேற்றி, பாசி சுரண்டி, வெயிலிற் காயவிட்டு, அதன் பின்னரே சுறா எண்ணெயைப் பூசினர். யாழ்ப்பாணத்துக் குடியானவரோ கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றின் கதியால்களை நட்டு வேலி அமைத்தனர். அவ்வேலி வேரூன்றித் தளிர்க்கும், ஆடுகளுக்குக் குழை தரும், உயிருள்ளதாதலின் உளுத்துப்போவதில்லை.

இருபதாம் நூற்றாண்டில் மற்றொரு பெரிய கண்டுபிடிப்பு இந்தியாவிலிருந்து வந்தது. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த சொண்டி காமேசம் என்பவர், 1933ஆம் ஆண்டில் செம்பு, குரோமியம், ஆசனிக்கு என்னும் மூன்றின் உப்புக்களையும் நீரிற் கரைத்து மரத்தினுள் செலுத்தும் முறையை உருவாக்கினார். செம்பு பூஞ்சணத்தைத் தடுக்கும். ஆசனிக்கு செல்லையும் பூச்சியையும் கொல்லும். குரோமியம் அவ்விரண்டையும் மரத்தோடு பிணித்துவிடும். நீரோடு உள்ளே சென்ற மருந்தை மீண்டும் நீரால் கழுவிவிட முடியாதவாறு செய்ததே இதன் நுட்பம். மின்கம்பம், வேலிக்கால், வீட்டுப் பலகைத் தளம் என உலகெங்கும் இம்முறை பரவியது.

ஆனால் மரத்தைக் காத்த நஞ்சு மனிதரைத் தீண்டாதிருக்குமா? புகைக்கூண்டு துடைக்கும் சிறுவராக வேலை செய்தோருக்கு நிலக்கரிப் புகைக்கரியினால் புற்றுநோய் உண்டாவதை, இலண்டன் சத்திர வைத்தியர் பேர்சிவல் பொட் 1775ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். அக்கரிக்கு உறவான தாரிலிருந்து பிறந்ததே கிரியோசோட்டு. அதுவும் மனிதருக்குப் புற்றுநோயை விளைக்கக்கூடியதென இன்று கணிக்கப்படுகின்றது. 2003ஆம் ஆண்டு முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுமக்களுக்கு அதனை விற்பது கட்டுப்படுத்தப்பட்டது. ஆசனிக்கு கலந்த மரத்தை வீட்டு வேலிக்கும் பலகைத் தளத்துக்கும் சிறுவர் விளையாட்டுச் சட்டங்களுக்கும் ஆயத்தம் செய்வதை அமெரிக்க உற்பத்தியாளர் அதே ஆண்டின் முடிவோடு நிறுத்திக்கொண்டனர்.

குளிர்நாட்டில் வாழ்வோர் இதனைச் சிறப்பாக மனத்திற் கொள்ளல் வேண்டும். பாதையிலிருந்து கழித்த பழைய சிலிப்பர் கட்டை மலிவாகக் கிடைக்கும். வேலிக்கும் படிக்கட்டுக்கும் வாங்கோலுக்கும் ஏற்றதாகத் தோன்றும். தார்மணமும் கருநிறமும் உள்ள கட்டையை அடுப்பெரிக்கப் பயன்படுத்தலாகாது. பச்சை நிறம் ஏறிய மருந்திட்ட பலகையையும் எரித்தலாகாது. அதன் ஆசனிக்கு புகையிலும் சாம்பலிலும் தங்கும். சாளரம் சாத்திய லயத்து அறையிலே, அடுப்பைச் சூழ்ந்து குழந்தைகள் குளிர்காயும் இரவிலே, அப்புகை செல்லும் இடம் எது என்பதை நேயர்களே உணர்வர். அச்சாம்பலை மரக்கறிப் பாத்திக்கு இடுதலும், அத்தகைய கட்டையைக் கிணற்றோரத்தில் நடுதலும் தவிர்க்கத்தக்கன.

அங்ஙனமாயின், இன்று மரவேலியோ தளமோ அமைப்பவர் செய்யத்தக்கது யாது? பழைய புகையிரதத் தொழிலாளர் கைக்கொண்ட வரிசையே இன்றும் வழிகாட்டும். மலைநாட்டில் மழை குறைந்த தை முதல் பங்குனி வரையான காலமே இவ்வேலைக்கு உகந்தது. பாசியையும் உரிந்த பழைய வர்ணத்தையும் தூரிகையால் தேய்த்து அகற்றிக் கழுவுதல் வேண்டும். வெயிலால் நரைத்த மேற்படையை உப்புத்தாளால் தேய்த்தெடுத்தல் வேண்டும். அதன்பின் பல நாள் காயவிட்டு, சில நீர்த்துளிகளைத் தெளித்துப் பார்க்கலாம். துளி முத்தாகத் திரண்டு நின்றால் மரம் இன்னும் பூச்சை ஏற்காது. விரைந்து உறிஞ்சப்பட்டால் ஏற்கும். மூடுபனி இறங்கும் பிற்பகலுக்கு முன்னரே பூசி முடித்தல் நன்று.

பூச்சிலும் வேறுபாடு உண்டு. தடித்த வர்ணம் மரத்தின்மேல் தோல்போல் படியும். அத்தோல் எங்கேனும் வெடித்தால் உட்புகுந்த நீர் வெளியேற வழியின்றித் தங்கிவிடும். மரத்தினுள் ஊறும் எண்ணெய்ச் சாயமோ தோலாகப் படியாது; அதிலுள்ள நிறத்தூள் வெயிலின் கடுமையையும் தணிக்கும். வெட்டுமுனைகளுக்கு மீண்டும் மீண்டும் ஊட்டி, ஊறாது மிஞ்சியதைத் துணியால் துடைத்துவிடல் வேண்டும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும்; விரித்துக் காயவிடுதலே பாதுகாப்பு. வேலிக்காலின் தலையைச் சாய்வாக வெட்டுதலும், தளப் பலகைகளிடையே நீர் வடிய இடைவெளி விடுதலும், எந்தச் சாயமும் செய்யாத உதவியைச் செய்யும்.

இன்று மலைநாட்டுப் பாதையின் பல இடங்களில் காங்கிறீற்றுக் கட்டைகள் மரக் கட்டைகளின் இடத்தைப் பெற்றுவிட்டன. ஆயினும் வேலி வேண்டும் வீடுகளும், மழையில் நிற்கும் மரங்களும் குறையவில்லை. பட்டிப்பொலச் சிகரத்தில் மழையையும் உறைபனியையும் தாங்கிக் கிடந்த கட்டைகள் விட்டுச் சென்ற பாடம் இரண்டு கூறுடையது. மேற்பூச்சு நிலைப்பது உள்ளிருக்கும் ஈரம் நீங்கிய மரத்திலேதான் என்பது ஒன்று. மரத்தின் ஆயுளை நீட்டிக்கும் மருந்து மனிதரின் ஆயுளைக் குறைக்காதவாறு பார்த்துக்கொள்ளல் மற்றொன்று. இவ்விரண்டையும் அறிந்தவர் கையில் எளிய மரமும் மழையை எதிர்த்து நிற்கும். அம்மரத்தருகே விளையாடும் குழந்தையும் நலமாக வளரும்.