பட்டியல்களில் தொலையும் பெயர்கள்: காணாமலாக்கப்பட்டோர் விவரங்களுக்கு ஒரு பொது ஒழுங்கு

காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்கள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடர் போராட்டத்தைத் தொடங்கியது 2017 பெப்ரவரியில். பதில் கிடைக்காமலே பல தாய்மாரும் தந்தையரும் இறந்துவிட்டார்கள். ஒரு பட்டியலில் பிழையாக எழுதப்பட்ட பெயரைப் பார்த்து "இது என்ர பிள்ளைதான்" என்று சொல்லக்கூடியவர்களும் அவர்களோடு போய்விடுகிறார்கள்.

பட்டியல்களுக்குக் குறைவில்லை. செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு, மனித உரிமைகள் ஆணைக்குழு, 2013இல் நியமிக்கப்பட்ட பரணகம ஆணைக்குழு, 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான காணாமல்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என ஒவ்வொன்றிடமும் முறைப்பாடுகள் பதியப்பட்டுள்ளன. உறவினர் சங்கங்களிடமும் தனித்தனிப் பதிவுகள் இருக்கின்றன. ஒரு பட்டியலிலுள்ள ஆளும் மற்றொன்றிலுள்ள ஆளும் ஒருவர்தானா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வழிதான் இல்லை. அந்த வழியைத் தரக்கூடிய சில எளிய இணைய ஒழுங்குகள் பற்றியே இந்தக் கட்டுரை. அவற்றைத் தன்னார்வலர்கள் கூடி உருவாக்கினார்கள். பணம் கட்டத் தேவையில்லை, எவரிடமும் அனுமதி கேட்கவும் தேவையில்லை.

மாத்தளையிலிருந்து பார்த்தால்

நான் மாத்தளையிலிருந்து எழுதுகிறேன். வடக்கிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத ஒரு சிக்கல் இங்கே உண்டு. 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத் தோட்டங்களிலிருந்து பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறின. ரத்தோட்டையிலோ எல்கடுவையிலோ பிறந்த ஒருவர் வன்னியில் வாழ்ந்து, 2009இல் முல்லைத்தீவில் காணாமலாக்கப்பட்டிருக்கலாம். 'மாவட்டம்' என்று ஒரேயொரு கட்டம் உள்ள படிவத்தில் அவருக்கு எதை நிரப்புவது? ஒருவர் மாத்தளை என்று எழுதுவார், இன்னொருவர் முல்லைத்தீவு என்று எழுதுவார். தேடுபவருக்கு அவர் இரண்டு ஆட்களாகிவிடுவார், அல்லது அகப்படவே மாட்டார்.

இன்னொரு சிக்கல், ஒரே விடயத்துக்கு முரண்பட்ட பதில்கள் இருப்பது. 2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளவில் நிலம் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. 150க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. அவை 1986க்கும் 1990க்கும் இடைப்பட்ட காலத்தவை என்று தொல்லியலாளர் ராஜ் சோமதேவ அறிக்கை கொடுத்தார். அது ஜே.வி.பி. கிளர்ச்சி அடக்கப்பட்ட காலத்தோடு பொருந்தியது. பின்னர் வெளிநாட்டில் செய்யப்பட்ட காபன் சோதனை அதற்கு மிக முந்திய காலத்தைக் காட்டியது. பிள்ளைகளைத் தேடிவந்த சிங்களப் பெற்றோர் இரண்டு முடிவுகளுக்கும் நடுவே நின்றார்கள். எந்தக் காலம் என்று யார், எப்போது, எதை வைத்துச் சொன்னார் என்பதைப் பிரித்துக் குறிக்காத ஒரு பதிவில் கடைசியாக எழுதியவரின் கூற்றே மிஞ்சும்.

நுண்வடிவங்கள் செய்வது என்ன?

ஓர் இணையப் பக்கத்தில் "முத்தையா செல்வராணி, 1974, உக்குவளை" என்று எழுதியிருந்தால் நமக்கு விளங்கும். முதலாவது பெயர், அடுத்தது பிறந்த ஆண்டு, கடைசியில் ஊர். கணினிக்கு அவை வெறும் எழுத்துகள். 2005 யூனில் தொடங்கிய மைக்ரோபோர்மட்ஸ் என்ற இணையச் சமூகம் இதற்கு எளிய வழி ஒன்றைக் கண்டது. பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை மாற்றாமல், எச்டிஎம்எல் குறியீட்டில் ஏற்கெனவே உள்ள 'கிளாஸ்' என்ற இடத்தில் இது பெயர், இது திகதி, இது ஊர் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட சொற்களை இடுவதே அந்த வழி. ஆட்களின் விவரத்துக்கு எச்கார்ட், நிகழ்வுகளுக்கு எச்கலண்டர் என்று வடிவங்கள் வந்தன. தொலைபேசிகளில் தொடர்பு விவரம் பரிமாறும் விகார்ட் முறையில் இருந்த சொற்களையே எச்கார்ட் எடுத்துக்கொண்டது. பழக்கத்திலுள்ளதை மீண்டும் பயன்படுத்துவதும், மனிதர் வாசிப்பதற்கு முதலிடம் கொடுப்பதும் அவர்களின் கொள்கை.

2011இல் கூகிள், மைக்ரோசொப்ட், யாஹூ நிறுவனங்கள் கூடி ஸ்கீமா டொட் ஓர்க் என்ற பெரிய சொற்தொகுதியை வெளியிட்டன. தேடுபொறிகள் இன்று பெரும்பாலும் அதையே வாசிக்கின்றன. நோக்கம் ஒன்றுதான்.

சுனாமியும் கத்ரீனாவும் கற்பித்தது

காணாமற்போனோர் விவரத்தில் இந்த முயற்சிக்கு நம் நாட்டிலேயே ஒரு தொடக்கம் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கணினித் தன்னார்வலர்கள் சில நாட்களிலேயே 'சஹனா' என்ற திறந்த மூல மென்பொருளை எழுதினார்கள். லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் அதை ஒருங்கிணைத்தது. காணாமற்போனோர் பதிவு, முகாம் பதிவு, நிவாரணத் தேவைகள் எல்லாம் அதில் இருந்தன. பிறகு அது பாகிஸ்தான் பூமியதிர்ச்சியிலும் வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் பயன்பட்டது.

2005இல் அமெரிக்காவில் கத்ரீனா சூறாவளி அடித்தபோது, பல தளங்களில் சிதறிக்கிடந்த தேடல் விவரங்களை ஒன்றிணைக்கத் தன்னார்வலர்கள் பிஎஃப்ஐஎஃப் என்ற ஒழுங்கை வகுத்தார்கள். 2010 ஹெயிட்டி பூமியதிர்ச்சியின்போது தொடங்கிய கூகிளின் ஆள்தேடும் சேவையும் இதையே பயன்படுத்தியது.

இதில் நமக்கு உதவும் அம்சங்கள் மூன்று. முதலாவது, ஆளின் அடிப்படை விவரம் வேறு, அவரைப் பற்றி மற்றவர் சொன்ன குறிப்பு வேறு. ஒவ்வொரு குறிப்பும் எழுதியவர், திகதி ஆகியவற்றுடன் தனியாக நிற்கும். "உயிருடன் இருப்பதாக நம்பப்படுகிறது", "இறந்ததாக நம்பப்படுகிறது" என்ற இரண்டும் ஒரே ஆளின் கீழ் ஒன்றையொன்று அழிக்காமல் இருக்கலாம். இரண்டாவது, பதிவு எங்கு முதலில் எழுதப்பட்டதோ அந்த இடத்தின் அடையாளம், அது எத்தனை தளங்களுக்குப் பிரதி செய்யப்பட்டாலும் கூடவே போகும். மூன்றாவது, வயதை 30-40 என்று வீச்சாகவும், பிறந்த திகதியை ஆண்டு மட்டுமாகவும் எழுதலாம். தெரியாத திகதிக்கு ஜனவரி 1 என்று பொய் எழுதவேண்டியதில்லை.

தமிழ்ப் பெயர் இடறும் இடம்

இந்த ஒழுங்குகள் நம் பெயர்களை எண்ணி வகுக்கப்பட்டவை அல்ல. பெயரின் பகுதிகளைத் தனித்தனியே குறிக்காமல் இரண்டு சொல் மட்டும் கொடுத்தால், முதற்சொல் சொந்தப் பெயர், இரண்டாவது குடும்பப் பெயர் என்று பழைய எச்கார்ட் தானாகவே கொள்ளும். முத்தையாவின் மகள் செல்வராணி அங்கே 'முத்தையா' ஆகிவிடுவார். ஆங்கிலத்தில் "செல்வராணி எம்." என்று தலையெழுத்தைப் பின்னால் போட்டால், 'எம்' சொந்தப் பெயராகவும் 'செல்வராணி' குடும்பப் பெயராகவும் மாறும். தோட்டங்களில் பிறப்புப் பதிவு ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதப்பட்டு, எழுத்துக்கூட்டல் ஆவணத்துக்கு ஆவணம் மாறியவர்களுக்கு இது இன்னொரு பிழையைச் சேர்க்கும்.

மாற்றுவழி நம்மிடமே உண்டு. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தின் 'ஆளுமை' பக்கங்களில் பெயர், தந்தை, தாய், பிறப்பு, இறப்பு, ஊர் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன. குடும்பப் பெயர் என்று ஒரு கட்டமே இல்லை. நம் ஊரில் ஆளை அடையாளம் காணும் முறையும் இதுதான்.

சங்கங்கள் தொடங்கக்கூடியவை

பட்டியல் வைத்திருக்கும் உறவினர் சங்கங்கள் பெரிய மென்பொருள் இல்லாமலே சில வேலைகளைச் செய்யலாம்.

- பாமினி போன்ற பழைய எழுத்துருவில் உள்ளவற்றை யூனிகோடுக்கு மாற்றுங்கள். ஸ்கான் செய்த படத்திலோ பாமினியிலோ உள்ள பெயர் தேடலில் சிக்காது.
- சொந்தப் பெயர், தந்தை பெயர், தாய் பெயர், வீட்டில் அழைக்கும் பெயர் ஆகியவற்றுக்குத் தனித்தனி நிரல்கள் வையுங்கள். ஆங்கில, சிங்கள எழுத்துக்கூட்டல்கள் எத்தனை இருந்தாலும் எல்லாவற்றையும் எழுதுங்கள்.
- பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், கடைசியாகக் காணப்பட்ட இடம் ஆகிய மூன்றையும் பிரியுங்கள்.
- திகதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். தெரிந்த அளவு போதும்.
- ஒவ்வொரு ஆளுக்கும் மாறாத ஓர் இலக்கம் கொடுங்கள். மற்ற அமைப்புகள் கொடுத்த முறைப்பாட்டு இலக்கங்களையும் அருகில் குறியுங்கள்.

ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்லவேண்டும். இயந்திரம் இலகுவாக வாசிக்கும் விவரத்தைப் புலனாய்வாளரும் இலகுவாகவே வாசிப்பார். முறைப்பாடு செய்தவரின் தொலைபேசி இலக்கம், வீட்டு முகவரி, சாட்சிகளின் பெயர், அடையாள அட்டை இலக்கம் ஆகியவை பொதுப் பக்கத்தில் வரவே கூடாது. அவை இணையத்தோடு தொடர்பில்லாத பிரதியில், சங்கம் நம்பும் ஓரிருவரின் பொறுப்பில் இருக்கட்டும். குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் எதையும் வெளியிடக் கூடாது. சம்மதம் திரும்பப் பெறப்பட்டால் பதிவை நீக்கவேண்டும். பிஎஃப்ஐஎஃப் பதிவுகளில் காலாவதித் திகதி வைக்க இடமிருப்பதும் இதற்காகத்தான்.

பட்டியல் ஒழுங்கானால் யாரும் திரும்பி வந்துவிடப் போவதில்லை. ஆனால் நாளை ஒரு புதைகுழி திறக்கப்படும்போது, அங்கே கிடைக்கும் ஒரு பெயரையோ பொருளையோ எந்தக் குடும்பத்திடம் கொண்டுபோய்க் கேட்பது என்பது தெரிந்திருக்கும். தாய்மார் இருக்கும்போதே அவர்கள் அருகில் அமர்ந்து இந்தக் கட்டங்களை நிரப்புவதுதான் இப்போது அவசரமான வேலை.