பக்கத்து பெஞ்ச் சொல்லித் தந்த இயற்பியல்

பெரிய லாரி ஒன்று, நின்றுகொண்டிருக்கும் சின்னக் காரில் மோதுகிறது. கார் மேல் லாரி செலுத்தும் விசை அதிகமா, லாரி மேல் கார் செலுத்தும் விசை அதிகமா? "லாரிதான், இதில் என்ன சந்தேகம்?" என்கிறீர்களா? நியூட்டனின் மூன்றாம் விதிப்படி இரண்டும் சமம். நசுங்குவது கார்தான், அது வேறு விஷயம்!

இந்த மாதிரிக் கேள்விகள்தான் ஒரு பேராசிரியரின் பாதையையே மாற்றின. எரிக் மசூர், 1954-ல் நெதர்லாந்தில் பிறந்த லேசர் ஆராய்ச்சியாளர். 1984 முதல் அமெரிக்காவின் ஹார்வர்டில் பாடம் எடுத்தார். மாணவர்களிடம் நல்ல பெயர். கடினமான கணக்குகளைக்கூட அவர்கள் தேர்வில் போட்டுவிடுவார்கள். வேறென்ன வேண்டும்?

1990-ல் டேவிட் ஹெஸ்டனீஸ் என்ற பேராசிரியரின் ஆய்வைப் படித்தார். சூத்திரம் தெரிந்த மாணவர்களுக்கும் விசை என்றால் என்னவென்று புரிவதில்லை என்றது அது. 'என் மாணவர்கள் அப்படியில்லை' என்று நம்பி, அதே கேள்விகளைத் தன் வகுப்பில் கொடுத்தார். நீங்கள் நடத்தியபடி எழுதவா, நான் வழக்கமாக நினைப்பதுபோல் எழுதவா என்று ஒரு மாணவி கேட்டாராம். முடிவு ஏமாற்றம்தான்.

எங்கள் வணிகவியலில் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. இருப்பாய்வு சரியாக டேலி ஆகும். ஆனாலும் மெஷின் வாங்கிய பணத்தைச் செலவுக் கணக்கில் எழுதிய தவறு உள்ளேயே இருக்கும். மதிப்பெண்ணும் அப்படித்தான்.

மசூர் ஒரு கேள்வியை இரண்டு முறை விளக்கியும் வகுப்பு விழித்தது. வேறு வழியில்லாமல், பக்கத்தில் இருப்பவரிடம் பேசச் சொன்னார். சில நிமிடங்களில் அவர்களுக்கே புரிந்துவிட்டது! காரணம் எளிது. இப்போதுதான் புரிந்துகொண்ட மாணவனுக்குத் தான் எங்கே தடுமாறினோம் என்பது நினைவிருக்கும். பேராசிரியருக்கு அது மறந்து பல காலம் ஆகியிருக்கும்.

1991 முதல் இதையே முறையாக்கினார். பாடத்தை முன்பே படித்து வர வேண்டும். வகுப்பில் கேள்வி, தனித்தனியாகப் பதில், பக்கத்தவரோடு விவாதம், மறுபடி பதில். அந்த ஆண்டே மாணவர்களின் முன்னேற்றம் ஏறக்குறைய இரு மடங்கானது. 1997-ல் புத்தகம் எழுதினார். 2014-ல் 5 லட்சம் டாலர் மினர்வா பரிசு கிடைத்தது.

பரிசை விட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு ஒன்று. நல்லாசிரியர் என்று எல்லோரும் சொன்னபோதும், அவர் தன் வகுப்பையே சோதித்துப் பார்த்தார். நம்மில் எத்தனை பேர் அப்படிச் செய்வோம்?