போஸ்டரில் இரண்டாவது பெயர்: யார் இந்த திவ்யா தத்தா?

முகம் தெரியும், பெயர்தான் சட்டென்று வராது. 'வீர்-ஸாரா' படத்தில் ப்ரீத்தி ஜிந்தாவின் தோழி ஷப்போ, 'பாக் மில்கா பாக்'கில் மில்கா சிங்கின் அக்கா, 2025-ல் வெளியான 'சாவா'வில் சம்பாஜியின் சிற்றன்னை சோயராபாய். இந்த மூன்று பேரும் ஒரே ஆள்தான்: திவ்யா தத்தா.

1994-ல் தொடங்கி 30 ஆண்டுகளைத் தாண்டி நடித்துக்கொண்டிருக்கிறார். இந்திப் படங்களில் பெரும்பாலும் அவருடைய பெயர் போஸ்டரில் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோதான் வரும். ஆனால் அவர் நடித்த படங்களை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தால், பஞ்சாபின் கடந்த முக்கால் நூற்றாண்டுக் காயங்கள் ஏறக்குறைய எல்லாமே அதில் இருக்கின்றன. அது எப்படி? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எங்கிருந்து வந்தார்?

பஞ்சாபின் லூதியானாவில் 1977 செப்டம்பர் 25 அன்று பிறந்தவர். ஏழு வயதில் அப்பாவை இழந்தார். அம்மா நளினி தத்தா அரசு மருத்துவர். மகளையும் மகனையும் தனி ஆளாக வளர்த்தார்.

அது என்ன காலம் என்பதையும் கவனியுங்கள். 1984-க்குப் பிறகான பஞ்சாப் அது. பிரிவினைவாதத் தீவிரவாதமும் காவல்துறை நடவடிக்கைகளும் அன்றாட வாழ்க்கையையே மாற்றிவிட்ட ஆண்டுகள். அதற்குள்தான் அவருடைய பள்ளிப்பருவம் கழிந்தது. அம்மா 2016-ல் காலமானார். அடுத்த ஆண்டே அவரைப் பற்றி 'மீ அண்ட் மா' என்ற புத்தகத்தை திவ்யா எழுதினார்.

ஹீரோயின் கனவு என்ன ஆச்சு?

முதல் படம் 'இஷ்க் மேன் ஜீனா இஷ்க் மேன் மர்னா' (1994). 1995-ல் சயீஃப் அலி கான், சுனில் ஷெட்டியுடன் 'சுரக்ஷா', சல்மான் கானுடன் 'வீர்கதி'. ஆரம்பம் நல்லாத்தான் இருந்தது. ஆனால் இந்தி சினிமாவின் முதல் வரிசை நாயகிகள் பட்டியலில் அவர் இடம்பிடிக்கவில்லை.

90-களின் பாலிவுட்டில் இப்படி நின்றுபோன நடிகைகள் ஏராளம். இரண்டு மூன்று படம், பிறகு கல்யாணம் அல்லது காணாமல் போவது என்பதே வழக்கமாக இருந்தது. திவ்யாவுக்குத் திருப்பம் அவருடைய தாய்மொழியில் வந்தது.

பஞ்சாபி சினிமா என்ன கொடுத்தது?

1999-ல் மனோஜ் புஞ்ச் இயக்கிய 'ஷஹீத்-ஏ-மொஹப்பத் பூட்டா சிங்' வெளியானது. நாயகன் பாடகர் குருதாஸ் மான், நாயகி திவ்யா. சிறந்த பஞ்சாபிப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது.

கதை நிஜத்தில் நடந்தது. பூட்டா சிங் ஒரு சீக்கியர், இரண்டாம் உலகப்போரில் பர்மா முனையில் இருந்த முன்னாள் சிப்பாய். பிரிவினைக் கலவரத்தில் சிக்கிய ஜைனப் என்ற முஸ்லிம் பெண்ணைக் காப்பாற்றித் திருமணம் செய்துகொள்கிறார். பிறகு அரசு வந்து ஜைனபை மீட்டு பாகிஸ்தானுக்கு அனுப்பிவிடுகிறது. அவரைத் தேடி எல்லை கடந்து போகிறார் பூட்டா சிங். குடும்பத்தின் அழுத்தத்துக்கு நடுவே, லாகூர் நீதிமன்றத்தில் ஜைனப் அவரோடு வர மறுக்கிறார். 1957-ல் பூட்டா சிங் ரயில் முன் பாய்ந்து உயிரை விட்டார்.

கேட்ட கதை மாதிரி இருக்கா? 2001-ல் வந்த 'கதர்' படத்துக்கு அடிப்படை இதே சம்பவம்தான் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அங்கே நாயகன் அடிபம்பைப் பிடுங்கி எதிரிகளை விரட்டி மனைவியோடு திரும்பி வருவார். பஞ்சாபிப் படம் நிஜத்தின் முடிவை மாற்றவில்லை.

ஜைனபை அனுப்பிய சட்டம் எது?

கடத்தப்பட்டோர் மீட்புக்காக இந்தியா 1949-ல் ஒரு சட்டம் இயற்றியது. பிரிவினையின்போது கடத்தப்பட்ட பெண்களையும் குழந்தைகளையும் கண்டுபிடித்து 'அவர்களுடைய' நாட்டுக்கு அனுப்புவதே நோக்கம். பலருக்கு அது உண்மையிலேயே விடுதலை. ஆனால் சிக்கலும் அதிலேயே இருந்தது: போக விருப்பமா என்று அந்தப் பெண்ணைக் கேட்கவேண்டிய கட்டாயம் சட்டத்தில் இல்லை. புது வாழ்க்கை அமைத்துக்கொண்டவர்களும் குழந்தை பெற்றவர்களும்கூட அனுப்பப்பட்டார்கள்.

ஜைனப் அப்படிப்பட்ட ஒரு பெண். அவர் வாழ்க்கையை ஊர், அரசு, குடும்பம் என்று எல்லாரும் முடிவு செய்தார்கள், அவரைத் தவிர. திவ்யா நடித்தது அந்தப் பாத்திரத்தில்.

ஏன் திரும்பத் திரும்ப எல்லைக்கோடு?

இந்த வரிசையைப் பாருங்கள்:

• 1998: குஷ்வந்த் சிங்கின் நாவலை வைத்து பமீலா ரூக்ஸ் எடுத்த 'டிரெயின் டு பாகிஸ்தான்'. எல்லையோரக் கிராமம், 1947.

• 1999: 'பூட்டா சிங்'. பிரிவினைக்குப் பின்.

• 2004: 'தேஸ் ஹோயா பர்தேஸ்', பஞ்சாபி. 1980-களின் தீவிரவாதக் காலம்.

• 2004: 'வீர்-ஸாரா'. இந்தியப் பையன், பாகிஸ்தான் பெண்.

• 2013: 'பாக் மில்கா பாக்'. பிரிவினையில் பெற்றோரை இழந்த ஓட்டப்பந்தய வீரர்.

• 2017: 'இராதா'. இன்றைய பஞ்சாபின் நஞ்சான நிலத்தடி நீர்.

இதில் மில்கா சிங்கின் அக்கா பாத்திரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் இல்லாமல் ரயிலில் போனதற்காக மில்கா திகார் சிறையில் அடைக்கப்பட்டபோது, நகையை விற்று அவரை வெளியே கொண்டுவந்தவர் நிஜ வாழ்க்கையிலும் அக்காதான். வரலாறு மில்காவைப் 'பறக்கும் சீக்கியர்' என்று எழுதிவைத்தது. அக்காவை ஞாபகம் வைத்திருக்கவேண்டிய வேலை சினிமாவுக்கு வந்தது. அந்தப் பாத்திரத்துக்காக திவ்யாவுக்கு சிறந்த துணை நடிகைக்கான ஐஃபா விருது கிடைத்தது.

2009-ல் வந்த 'டெல்லி-6' பஞ்சாப் கதை இல்லை. ஆனால் அதில் அவர் செய்த ஜலேபியும் இதே வகைதான்: குப்பை அள்ளுவதால் பழைய டெல்லித் தெருவே தள்ளிவைக்கும் பெண். ஏ.ஆர். ரஹ்மானின் பாடல்களுக்காக அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கும் ஜலேபி நினைவிருப்பார்.

தேசிய விருது எதற்கு?

'இராதா'வுக்கு. தொழிற்சாலைக் கழிவை ஆழ்துளைக் கிணறு வழியாக பூமிக்குள் தள்ளிவிடும் 'ரிவர்ஸ் போரிங்'கைப் பற்றிய படம் இது. பஞ்சாபின் மால்வா பகுதியில் புற்றுநோய் நிஜமான பிரச்சினை. பட்டிண்டாவிலிருந்து சிகிச்சைக்காக ராஜஸ்தானின் பிகானேருக்கு நோயாளிகள் போகும் ரயிலுக்கு 'கேன்சர் டிரெயின்' என்றே பெயர் வந்துவிட்டது.

இதில் திவ்யா பாதிக்கப்பட்டவர் அல்ல. ஊழலில் ஊறிய முதலமைச்சர்! ஓரத்தில் நிற்கும் பெண்களாகவே பார்த்தவரை, அதிகாரத்தின் நாற்காலியில் உட்காரவைத்தார் இயக்குநர் அபர்ணா சிங். படம் வசூலில் பெரிதாகப் போகவில்லை. ஆனால் 2018-ல் அறிவிக்கப்பட்ட 65-வது தேசிய விருதுகளில் சிறந்த துணை நடிகை திவ்யாதான். மறைந்த ஸ்ரீதேவிக்கு 'மாம்' படத்துக்காக சிறந்த நடிகை விருதும், ரஹ்மானுக்கு 'காற்று வெளியிடை' இசைக்கான விருதும் அதே ஆண்டில்தான் அறிவிக்கப்பட்டன.

இப்போ என்ன செய்கிறார்?

ஓடிடி வந்தபிறகு இந்த வகை நடிகர்களுக்கு இடம் கூடியிருக்கிறது. 'ஹாஸ்டேஜஸ்' தொடரின் இரண்டாம் சீசன், 'ஷர்மாஜீ கி பேட்டி', 'பந்திஷ் பண்டிட்ஸ்' இரண்டாம் சீசன் என்று தொடர்ந்து வருகிறார். 2025-ல் 'மாயசபா' தொடர் மூலம் தெலுங்குக்கும் வந்துவிட்டார்.

எதிலிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்?

நீங்கள் ஏற்கெனவே பார்த்த 'வீர்-ஸாரா'விலிருந்தே ஆரம்பிக்கலாம். இந்த முறை ஷாருக்கானை விட்டுவிட்டு ஷப்போவைக் கவனியுங்கள். ஸாராவின் மனசு என்ன என்று வீருக்கு போன் போட்டுச் சொல்வது ஷப்போ. அந்த போன் இல்லையென்றால் அவன் லாகூருக்குப் போகவே மாட்டான். கடைசியில் வக்கீல் சாமியா இந்தியக் கிராமத்துக்கு வந்து பார்க்கும்போது, ஸாராவோடு சொந்த ஊரை விட்டு வந்து பக்கத்தில் நிற்பதும் அவள்தான். பிறகு 'பாக் மில்கா பாக்', அப்புறம் 'பூட்டா சிங்' என்று போனால் சரியாக இருக்கும்.