ஒரு பாத்திரம், அறுபது ஆண்டுகள்: வில்லியம் ரோச்சின் நடிப்பு வாழ்க்கை

நாடக வரலாறு எழுதுவோர் ஒரு நடிகரின் பெருமையை அவர் ஏற்ற பாத்திரங்களின் எண்ணிக்கையாலும் வகையாலும் அளந்து வந்துள்ளனர். மன்னனாகவும் பித்தனாகவும் ஏவலனாகவும் மாறி மாறித் தோன்றும் ஆற்றலே நடிப்பாற்றல் என்பது அவ்வளவையின் அடிப்படை. தொலைக்காட்சி நெடுந்தொடர் இவ்வளவையைக் குலைத்துவிடுகின்றது. ஒரே பாத்திரத்தைப் பல பத்தாண்டுகள் தாங்கிய நடிகரை எவ்வாறு மதிப்பிடுவது என்ற வினாவுக்கு நாடகத் திறனாய்வில் தெளிவான விடை இல்லை. இங்கிலாந்தின் 'கரோனேஷன் ஸ்ட்ரீட்' தொடரில் கென் பார்லோ என்னும் பாத்திரத்தை 1960 முதல் ஏற்றுவரும் வில்லியம் ரோச்சின் வாழ்க்கையை முன்வைத்து இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கின்றது.

தொடரின் தோற்றம்

1930களில் அமெரிக்க வானொலியில் பகல் நேரக் குடும்பத் தொடர்களைச் சோப்பு உற்பத்தியாளர்கள் பொருளுதவி செய்து நடத்தினர். 'சோப்பு நாடகம்' என்ற ஏளனப் பெயர் அதனால் வந்தது. பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கு 1954ஆம் ஆண்டின் தொலைக்காட்சிச் சட்டம், விளம்பரதாரர் நிகழ்ச்சியை நடத்துவதற்கு இடந்தரவில்லை. இடையிடையே விளம்பரம் செய்வதற்கே இசைவளித்தது. ஆகவே, இத்தொடர் சோப்பு வணிகரின் முயற்சியால் பிறந்ததன்று; மான்செஸ்டரில் இயங்கிய கிரானடா நிறுவனத்தில் பணியாற்றிய டோனி வாரன் என்ற இருபத்து நான்கு வயது இளைஞரின் கற்பனையில் பிறந்தது. வட இங்கிலாந்துத் தொழிலாளர் தெரு ஒன்றின் பேச்சையும் வாழ்வையும் உள்ளவாறே காட்டவேண்டும் என்பது அவர் நோக்கம். வெதர்ஃபீல்டு என்னும் கற்பனை ஊருக்கு சால்ஃபோர்டு நகரமும் அதன் ஆர்ச்சி தெருவும் மாதிரிகளாயின. முதலில் 'ஃப்ளோரிசல் ஸ்ட்ரீட்' என்றே பெயர் சூட்டப்பட்டிருந்தது. அது கழிவறை கழுவும் மருந்தின் பெயர் போல் ஒலிக்கின்றது என்று அலுவலகத்தில் தேநீர் வழங்கிய பெண்மணி ஒருவர் கூற, பெயர் மாற்றப்பட்டதாகச் சொல்லப்படுகின்றது. வட்டார வழக்கை முதன்மையாகக் கொண்ட ஒரு படைப்புக்கு அவ்வூர்ப் பெண்மணியே காதால் கேட்டுப் பெயர் திருத்தினார் என்பது பொருத்தமே.

1960 டிசம்பர் 9 அன்று முதற்பகுதி நேரடியாக ஒளிபரப்பப்பட்டது. முதலில் 13 பகுதிகளுக்கே நிறுவனம் இசைந்திருந்தது. இத்தொடர் நிலைக்காது என்று 'டெய்லி மிரர்' இதழின் திறனாய்வாளர் எழுதினார். அம்முதற்பகுதியிலேயே கென் பார்லோ தோன்றுகின்றான். பல்கலைக்கழகத்தில் பயிலும் இருபத்தொரு வயது இளைஞன் அவன். உணவு மேசையில் தந்தை நடந்துகொள்ளும் முறை அவனுக்குக் கூச்சத்தைத் தருகின்றது. நடுத்தர வர்க்கத்துத் தோழி சூசன் கன்னிங்ஹாம் வீட்டிற்கு வரும் வேளையில், தந்தையும் தம்பியும் கூடத்திலேயே மிதிவண்டியைப் பழுதுபார்த்துக் கொண்டிருக்கின்றனர். கல்வியால் உயர்ந்த மகன் தன் வீட்டைக் கண்டு நாணுவதும், அந்நாணத்திற்காகவே மீண்டும் நாணுவதும் ஆகிய இந்த முரணே கெனின் வித்து. ரிச்சர்டு ஹாகர்ட் 1957இல் வெளியிட்ட 'எழுத்தறிவின் பயன்கள்' என்னும் நூல், உதவித்தொகையால் படித்துத் தன் வர்க்கத்திலிருந்து வேரறுந்துபோகும் இளைஞனை விரிவாக ஆராய்ந்திருந்தது. கென் அவ்வாய்வின் நாடக வடிவம் எனலாம்.

நடிகரும் பாத்திரமும்

இப்பாத்திரத்தை ஏற்றவர் தொழிலாளர் வீட்டுப் பிள்ளை அல்லர். 1932 ஏப்ரல் 25 அன்று நாட்டிங்ஹாம் அருகே மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்த ரோச், டெர்பிஷயரின் இல்கெஸ்டனில் வளர்ந்தார்; வேல்சிலுள்ள ரைடல் விடுதிப் பள்ளியில் பயின்றார்; பின்னர்ப் படையதிகாரியாகி 'ராயல் வெல்ச் ஃபியூசிலியர்ஸ்' பிரிவில் கேப்டன் நிலை வரை உயர்ந்தார். படையை விட்டு விலகிய பின்னரே நடிப்புக்கு வந்தார். திரைப்படங்களில் சிறு வேடங்கள் கிடைத்தன. கெனாகத் தோன்றியபோது அவருக்கு வயது 28. பாத்திரத்தைவிட ஏழாண்டு மூத்தவர்.

வட்டாரப் பேச்சையே உயிராகக் கொண்ட தொடரில் பொதுமொழி பேசும் நடிகர் ஒருவர் எவ்வாறு பொருந்தினார் என்பது மொழி நோக்கில் ஆராயத்தக்கது. எனா ஷார்ப்பிள்ஸாக நடித்த வயலட் கார்சனும் எல்சி டானராக நடித்த பேட் ஃபீனிக்ஸும் லங்காஷயர் வழக்கைத் தங்கு தடையின்றிப் பேசினர். கெனின் பேச்சில் அது மங்கியே ஒலித்தது. கல்வி ஒருவனின் நாவை முதலில் மாற்றுகின்றது. வீட்டில் அவன் அயலானாவதை அந்நாவே காட்டிக்கொடுக்கின்றது. நடிகரின் இயல்பான உச்சரிப்பு இங்குப் பாத்திரத்தின் வரலாறாகவே மாறிவிட்டது. நடிகரின் குறை பாத்திரத்தின் இயல்பாக ஏற்கப்படும் இத்தகைய இடங்களைத் திறனாய்வாளர் பெரும்பாலும் தற்செயல் என்று கடந்துவிடுகின்றனர். நெடுந்தொடரில் தற்செயலே நாளடைவில் இலக்கணமாகின்றது.

கருத்து நிலையில் இருவரும் இரு துருவங்கள். கென் இடதுசாரி. 1962இல் தன் தெருவினரைக் குறை கூறிக் கட்டுரை எழுதி, லென் ஃபேர்கிளஃபிடம் மதுக்கடையில் அடி வாங்குகின்றான்; 1967இல் வியட்நாம் போருக்கு எதிரான ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொண்டு சிறை செல்கின்றான். ரோச்சோ கன்சர்வேட்டிவ் கட்சியின் ஆதரவாளர். ஒரு காலத்தில் பேரரசின் படையில் பணியாற்றியவர். தாம் ஏற்காத கொள்கைகளை அறுபதாண்டுகள் நம்பும்படி பேசியவர் என்பதை எண்ணினால், ஒரே பாத்திரத்தில் நடிப்பது எளிது என்ற கருத்து வலுவிழக்கின்றது.

தமிழில் எழுதுவோர்க்கு இங்கு ஓர் இடர்ப்பாடு தோன்றுகின்றது. 1960இன் கென்னை 'அவன்' என்றும் 2020இன் கென்னை 'அவர்' என்றுமே சுட்டவேண்டியுள்ளது. ஆங்கிலப் பெயர்ச்சொல் மறைத்துவிடும் வயதைத் தமிழ் விகுதி வெளிப்படுத்திவிடுகின்றது. எந்தப் பகுதியில் 'அவன்' 'அவர்' ஆனான் என்று எவராலும் வரையறுக்க இயலாது. நெடுந்தொடரின் காலம் அவ்வாறே நகர்கின்றது.

நின்றவரும் நீங்கியவரும்

தொடக்கக் காலத்தில் நடிகர்களை நிலைநிறுத்தியது கலைப்பற்று மட்டுமன்று, ஒப்பந்தமும் ஆகும். 1961 நவம்பரில் தொடங்கி 1962 ஏப்ரல் வரை நீடித்த நடிகர் சங்க வேலைநிறுத்தத்தின்போது, முன்னரே நீண்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்த ஒரு சிலரே நடிக்க முடிந்தது. அவர்களுள் ரோச்சும் ஒருவர். தெருவே வெறிச்சோடிப் போனதுபோல் தோன்றிய அம்மாதங்கள் பார்வையாளர் மனத்தில் எஞ்சிய முகங்களை ஆழப் பதித்தன.

பின்னர் ஒவ்வொருவராக நீங்கினர். பேட் ஃபீனிக்ஸ் 1973இல் விலகி, 1976இல் திரும்பி, 1983இல் முற்றிலும் விலகினார். வயலட் கார்சன் 1980இல் தொடரிலிருந்து மறைந்தார். டோரிஸ் ஸ்பீடின் நிலை வேதனையானது. மதுக்கடை உரிமையாளர் ஆனி வாக்கராக நடித்த அவர் தம் வயதைப் பல ஆண்டுகள் குறைத்துக் கூறி வந்தார். 1983இல் நாளிதழ் ஒன்று அவருடைய பிறப்புச் சான்றை வெளியிட்டு அவர் 84 வயதினர் என்று அறிவித்தது. அவர் மீண்டும் அப்பாத்திரத்தை ஏற்கவில்லை. டென்னிஸ் டானராக நடித்த ஃபிலிப் லாரி 1968இல் விலகி, 43 ஆண்டுகளுக்குப் பின் 2011இல் அதே பாத்திரமாகவே திரும்பி வந்தார். முதற்பகுதியில் தோன்றி இடையறாது தொடர்ந்தவர் ரோச் ஒருவரே. 2010இல் அமெரிக்காவின் 'ஆஸ் தி வேர்ல்டு டர்ன்ஸ்' தொடர் நிறுத்தப்பட்டபின், ஒரே பாத்திரத்தில் மிக நீண்ட காலம் தொடரும் தொலைக்காட்சி நடிகராகக் கின்னஸ் பதிவில் அவர் இடம்பெற்றார்.

இதற்குள் கெனின் வாழ்வில் துயரங்கள் அடுக்கடுக்காக நிகழ்ந்துவிட்டன. 1961இல் தாய் பேருந்தில் அடிபட்டு இறந்தாள். 1971இல், குடும்பம் ஜமைக்காவுக்குக் குடிபெயரவிருந்த வேளையில், முதல் மனைவி வேலரி பழுதான முடி உலர்த்தியின் மின்தாக்குதலால் மாண்டாள். இரண்டாம் மனைவி ஜேனட் 1977இல் தற்கொலை செய்துகொண்டாள். ஒரு மனிதனுக்கு இத்தனை நேருமா என்று வினவுவது எளிது. வாரம் இரண்டு பகுதிகளாகத் தொடங்கி 2017இல் ஆறாக உயர்ந்த ஒரு தொடருக்கு, நிலைத்து நிற்கும் பாத்திரமே இழப்புகளைத் தாங்கும் தூண் என்பதே அதற்கு விடை. நீங்கும் ஒவ்வொரு நடிகருக்காகவும் நிற்கும் நடிகர் அழவேண்டியுள்ளது.

1983இல் கென், டியர்ட்ரி, மைக் பால்ட்வின் ஆகியோரின் முக்கோணக் கதை நாட்டையே ஈர்த்தது. டியர்ட்ரி கெனுடனேயே தங்க முடிவு செய்தாள் என்ற செய்தி ஓல்டு டிராஃபோர்டு கால்பந்து அரங்கின் அறிவிப்புப் பலகையில், ஆட்டம் நடந்துகொண்டிருக்கையில், காட்டப்பட்டது. மைக்காக நடித்த ஜானி பிரிக்ஸ் 2006இல் விலகியபோது, நினைவு சிதைந்த மைக் தன் பகைவனாகிய கெனின் கைகளிலேயே உயிர்விட்டான். இருபத்து மூன்று ஆண்டுகள் பழகிய பகையின்றி அம்மரணத்திற்கு அப்பொருள் கிடைத்திராது.

சலிப்பூட்டுபவர் யார்? ஒரு வழக்கு

1990இல் 'தி சன்' நாளிதழ், ரோச் தாம் ஏற்ற பாத்திரத்தைப் போலவே சலிப்பூட்டுபவர் என்றும் உடன் நடிப்போரின் வெறுப்புக்கு ஆளானவர் என்றும் எழுதியது. ரோச் அவதூறு வழக்குத் தொடுத்தார். 1991இல் நடுவர் குழு அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்து 50,000 பவுண்டு இழப்பீடு வழங்கியது. ஆனால் இத்தொகையையே நாளிதழ் முன்னதாக நீதிமன்றத்தில் செலுத்தி உடன்பாட்டுக்கு முன்வந்திருந்தது. அதை அவர் ஏற்கவில்லை. செலுத்திய தொகைக்கு மேல் பெறாத வாதி, அத்தொகை செலுத்தப்பட்ட நாள் முதலான எதிர்த்தரப்புச் செலவை ஏற்கவேண்டும் என்பது அன்றைய ஆங்கில வழக்கு நடைமுறை. அத்தொகை பற்றி நடுவர் குழுவுக்குத் தெரிவிக்கப்படவில்லை. ஆகவே பன்னிருவரும் அறியாமலேயே அதே எண்ணை எட்டினர். முதலில் செலவு ரோச்சுக்கே வழங்கப்பட்டது. 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. வென்றவர் கடனாளியானார். பின்னர்த் தம் வழக்கறிஞர்கள்மீது தொடுத்த வழக்கிலும் தோற்று, 1999இல் நொடித்தவராக அறிவிக்கப்பட்டார்.

இவ்வழக்கைச் சட்ட வேடிக்கையாகவே பலரும் நினைவுகூர்கின்றனர். அது நடிப்புக் கோட்பாட்டிற்கும் உரியது. மேக்பெத்தாக நடித்தவரைக் கொலைகாரர் என்று எவரும் எழுதுவதில்லை. திரை விழுந்ததும் மேக்பெத் முடிந்துவிடுகின்றான். கெனுக்குத் திரை விழுவதே இல்லை. வாரந்தோறும் வீட்டுக்குள் வரும் முகத்தில் எது வேடம், எது ஆள் என்று பிரித்தறிய பார்வையாளருக்கு இடைவெளி கிடைப்பதில்லை. முப்பதாண்டுகள் தாம் நுணுக்கமாக உருவாக்கிய பாத்திரத்தின் இயல்பே தம்மீது பழியாகச் சுமத்தப்பட்டபோது, அதை மறுக்க நீதிமன்றம் செல்லவேண்டியிருந்தது ஒரு நடிகரின் வெற்றிக்குச் சான்றா, தண்டனையா? நடுவர் குழு அவருடைய பெயருக்கு விலை குறித்தது; இரண்டையும் பிரிக்கும் கோட்டை அதனாலும் வரைய இயலவில்லை. 2013இல் அவர்மீது குற்றச்சாட்டுகள் தொடுக்கப்பட்டபோதும் இதே சிக்கல் எழுந்தது. ஊழியராகிய நடிகர் பணியிலிருந்து விலகியிருக்க, பாத்திரமும் அயல்நாடு சென்றதாகக் கதை அமைக்கப்பட்டது. 2014 பிப்ரவரியில் பிரெஸ்டன் நீதிமன்றத்தின் நடுவர் குழு எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் அவரை விடுவித்தது. அவ்வாண்டிலேயே கென் தெருவுக்குத் திரும்பினார்.

நடிகரே மூலச்சுவடி

இத்தொடருக்கு எண்ணற்ற எழுத்தாளர்கள் எழுதியுள்ளனர். ஜாக் ரோசன்தால் மட்டுமே நூற்றுக்கும் மேற்பட்ட பகுதிகளை எழுதினார். தயாரிப்பாளர்கள் மாறினர், நிறுவனமே வேறு கைக்குச் சென்றது. 2020 பிப்ரவரியில் பத்தாயிரமாவது பகுதி ஒளிபரப்பானது. பகுதிக்கு 25 நிமிடம் எனக் கொண்டால் ஏறத்தாழ 4,160 மணி நேரம். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் பார்த்தாலும் 520 நாட்கள் ஆகும். பதிவுகள் பெரும்பாலும் காக்கப்பட்டுள்ள போதிலும், இம்மூலத்தை முழுமையாகக் கற்ற ஆய்வாளரை எதிர்பார்ப்பதற்கில்லை. அதனை உடலளவில் கடந்துவந்தவர் நடிகரே.

2010ஆம் ஆண்டுக் கதை இதற்குச் சான்று. முதற்பகுதியில் வந்த சூசன் கன்னிங்ஹாமுக்கும் கெனுக்கும் பிறந்து, கென் அறியாமலே வளர்ந்த லாரன்ஸ் என்னும் மகன் அவ்வாண்டில் அறிமுகப்படுத்தப்பட்டான். அப்பாத்திரத்தை ஏற்றவர் ரோச்சின் மகன் லைனஸ் ரோச். லாரன்ஸின் மகனாக நடித்தவர் ரோச்சின் இளைய மகன் ஜேம்ஸ். லைனஸ் சிறுவனாக இருந்தபோது, 1970களில், கெனின் மகன் பீட்டராக இதே தொடரில் நடித்தவர். மிதிவண்டி கிடந்த அக்கூடத்தில் நாணி நின்ற தோழியிடமிருந்து ஐம்பதாண்டு கழித்து ஒரு கிளைக்கதையை எடுக்க எழுத்தாளர்களால் முடிந்தது, அக்காட்சியில் நின்ற முகம் இன்னும் அங்கேயே இருந்ததனால்தான். அவ்வாண்டு டிசம்பர் 9 அன்று, பொன்விழாவை ஒட்டி ஒரு மணி நேரப் பகுதி நேரடியாக ஒளிபரப்பப்பட்டது. 1960இன் நேரடி ஒளிபரப்பிலும் 2010இன் நேரடி ஒளிபரப்பிலும் நடித்தவர் அவர்.

டியர்ட்ரியாக நாற்பதாண்டுகளுக்கு மேல் நடித்த ஆன் கர்க்பிரைட் 2015 ஜனவரி 19 அன்று காலமானார். தொடரில் டியர்ட்ரி அப்போது உயிருடனேயே இருந்தாள். தோழி வீட்டில் தங்கியிருப்பதாகச் சொல்லப்பட்டது. அவளுடைய அறுபதாம் பிறந்தநாள் விருந்துக்குத் தெரு காத்திருக்கும் நாளில், ஜூலையில், அவள் இறந்த செய்தி வருவதாகக் காட்சி அமைக்கப்பட்டது. ஆறு மாதங்களுக்கு முன் உண்மையாகவே இழந்துவிட்ட தோழமை நடிகைக்காக, அன்றுதான் செய்தி கேட்டவரைப் போல் 83 வயது ரோச் நின்றார். அதற்கு ஆறாண்டுகளுக்கு முன்னர், 2009இல், தம் மனைவியையும் அவர் இழந்திருந்தார். 2022இல், தொண்ணூறு வயது நிறைந்தபோதும், கென் பார்லோ தெருவின் முதலாம் எண் வீட்டிலேயே குடியிருந்தார்.